தட்டிப் பார்த்து கார் வாங்காதீங்க

போன மாதம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டிருந்தேன். ரிட்டயர் ஆகப்போகிற வாத்தியார் ஒருவர் அங்கே நின்ற ஒவ்வொரு வண்டியின் கதவையும் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பலாச்சக்கை பழுத்ததா என்று தட்டிப் பார்ப்போமே, அப்படி.

“சார், இது டண்ணுங்குது, அது டப்புன்னு கேக்குது. டண்ணுங்கிறதுதானே கெட்டி?”

நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை, கல்யாண வீடுகளில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிபட்ட வண்டியைப் பார்த்து எதை மாற்றணும், எதை நிமிர்த்தினால் போதும், இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு தரணும் என்று கணக்குப் போட்டு ரிப்போர்ட் எழுதுவதுதான் வேலை. களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் இருபது வருடமாக இதே பிழைப்பு. அதனால் “எந்தக் கம்பெனி வண்டி நல்லது?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்வி இருக்கிறது. இடித்தால் ஆள் பிழைப்பாரா, பத்து வருடம் ஓடுமா, அடிபட்டால் பில் எவ்வளவு வரும். மூன்றுக்கும் ஒரே வண்டி பதிலாக அமைவது அபூர்வம். ஆனால் நம் ஆட்கள் ஒன்றின் பதிலை எடுத்து இன்னொன்றுக்கு ஒட்டிவிடுகிறார்கள்.

முதலில் இந்தத் தட்டல். கதவின் வெளித்தகடு, பென்டர், போனட் எல்லாம் வண்டியின் சட்டை. சட்டைத் துணி தடிமனாக இருந்தால் எலும்பு கெட்டி என்று அர்த்தமா? ஆளைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் கூடு. முன் கண்ணாடியின் இரண்டு ஓரத்துத் தூண், கதவுக்கு நடுத்தூண், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான சட்டம், தரை. அது வளையக் கூடாது. அதற்கு முன்னால் இருக்கும் என்ஜின் பகுதியோ நசுங்கியே ஆகணும், நசுங்கி அடியின் வேகத்தைத் தின்னணும். “அம்பாசிடர் மாதிரி வருமா” என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2009இல் அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பணத்தில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு ஒன்று 1959ஆம் வருடத்து செவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் வருடத்து செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய வண்டி நல்ல இரும்புதான். ஆனால் அதன் டிரைவர் இருந்த இடம்தான் நசுங்கிப்போனது, புதிய வண்டியில் ஆள் உட்காரும் கூடு அப்படியே நின்றது.

வில்லுக்குறி பக்கம் விடியற்காலையில் லாரியின் பின்னால் போய்ச் சொருகிய ஒரு வண்டியை நான் சர்வே செய்தேன். முன்பக்கம் என்று ஒன்றுமே மிச்சமில்லை, ரேடியேட்டர் என்ஜினோடு ஒட்டிக் கிடந்தது. ஆனால் நான்கு கதவும் கையால் திறந்தன. உள்ளே இருந்த நான்கு பேரும் நடந்தே வெளியே வந்தார்கள். எஸ்டிமேட் போட்டால் ஏர்பேக், அதன் கம்ப்யூட்டர், சீட் பெல்ட், டாஷ்போர்டு என்று எகிறி வண்டி டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்யக் கட்டுப்படியாகாத வண்டி, ஆகிவிட்டது. சொந்தக்காரருக்கு வந்ததே கோபம். “அஞ்சு ஸ்டார்னு சொல்லி வித்தானுவ சார், ஒரே அடியில போச்சே!” அண்ணாச்சி, அது போனதால்தான் நீங்கள் என்னிடம் சண்டை போட நிற்கிறீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், என் சர்வேயில் வந்த வண்டிகளின் பெயரை வெளியே சொல்வதில்லை.

ஸ்டார் என்பது வண்டியை இடித்துப் பார்த்துப் பாதுகாப்புக்குப் போடும் மார்க், ஐந்துதான் உச்சம். அதைப் பற்றி ஊரறிந்த விஷயத்தைப் பெயரோடே சொல்லலாம். குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன வண்டிகளை 64 கிலோமீட்டர் வேகத்தில் இடித்துப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத மாடல்கள், ஐந்துக்கும் பூஜ்யம். அதே போலோவை இரண்டு ஏர்பேக்கோடு இடித்தபோது 4 ஸ்டார். நானோவுக்குப் பூஜ்யம் வாங்கிய டாடா, 2018இல் நெக்ஸானுக்கு 5 ஸ்டார் வாங்கியது. 2022 கடைசியில் மாருதி ஸ்விஃப்டுக்கு 1 ஸ்டார், 2024இல் அதே மாருதியின் புது டிசையருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 ஸ்டார். ஐ10க்குப் பூஜ்யம் எடுத்த ஹூண்டாய்க்கு 2023இல் வெர்னாவில் 5. ஆக, கம்பெனி பெயரை வைத்து “அது கெட்டி, இது தகரம்” என்று டீக்கடையில் பேசுவதில் பாதி பழைய கதை. எந்த மாடல், எந்த வருடம், ஏர்பேக் எத்தனை, எந்த விதிமுறையில் இடித்தார்கள் என்று பார்க்கணும். 2022 நடுவிலிருந்து குளோபல் என்கேப் விதிமுறை கடுமையானது, பக்கவாட்டு மோதலும் வழுக்கலைத் தடுக்கும் இஎஸ்சியும் கணக்கில் வந்தன. 2023 அக்டோபர் 1 முதல் நம் நாட்டுக்கே பாரத் என்கேப் இருக்கிறது. பழைய ஸ்டாரையும் புது ஸ்டாரையும் பக்கத்தில் வைத்து எண்ணாதீர்கள்.

இன்னொன்று, ஸ்டார் கொடுப்பது பெல்ட் போட்ட பொம்மைக்கு. 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி இறந்தது மெர்சிடிஸ் காரில், பின் சீட்டில், பெல்ட் போடாமல். நம் பக்கம் கல்யாணத்துக்குப் போகும் வண்டிகளில் பின் சீட் பெல்ட் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும், சர்வேக்குப் போகும்போது தோண்டி எடுக்கிறேன். அதோடு முன்னால் அந்தப் பெரிய குழாய்க் கம்பி, புல் கார்டு. மலையோரம் எஸ்டேட் ஜீப்புகளைப் பார்த்து கார்களுக்கும் மாட்டுகிறார்கள். நசுங்க வேண்டிய இடத்தை அது நசுங்க விடாது, ஏர்பேக் சென்சாரையும் குழப்பும், எதிரே நடந்துபோகிறவருக்கோ எமன். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் சாவி போட்டதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைகிறதா என்று பாருங்கள். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் பெரிய சந்தேகம், வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடியை ஒட்டி, விளக்கின் வாயை அடைத்து விற்ற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உழைப்புக்கு வருவோம். என்ஜின் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று தெரிய வடசேரி பக்கம் டாக்ஸி டிரைவர்களிடம் அரை மணி நேரம் பேசினால் போதும், இன்னோவாவைப் பற்றி அவர்கள் சொல்வதை எந்த விளம்பரமும் சொல்லாது. ஆனால் நம் மாவட்டத்தில் என்ஜினுக்கு முன்னால் சாவது பாடி. கடல் உப்பு, இரண்டு மழைக்காலம், இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? கடலோர ஊரான முட்டத்திலிருந்து ஏழு வயது வண்டி ஒன்று சின்ன அடியோடு வந்தது. வெளியே பாலிஷ் மின்னுகிறது. டிங்கர் அண்ணன் கதவுக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி ஸ்க்ரூடிரைவரை லேசாக ஊன்றினார், கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. இழுத்தபோது மரச்சீனித் தொலி மாதிரி துரு ஏடு ஏடாகத் தரையில் கொட்டியது. அந்த இடம் எது தெரியுமா? மேலே சொன்ன கூட்டின் கீழ்ச்சட்டம். ஸ்டார் கொடுத்தது புது வண்டிக்கு, இந்தச் சல்லடைக்கு இல்லை.

துத்தநாகப் பூச்சுத் தகடு எந்தெந்த இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்பது மாடலுக்கு மாடல் மாறும், வாங்கும்போது கேளுங்கள். ஆனால் கூடுதல் வேலை நம் கையில்தான். கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும், மண் அடைத்தால் கதவுக்குள்ளே குளம். குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு முன் கண்ணாடிக்குக் கீழே சருகு அடைத்து, வைப்பர் மோட்டாரும் காலடி விரிப்பும் நனையும். கடற்கரைக்குப் போய்வந்தால் வண்டிக்கு அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சுங்கள், மேலே துடைப்பது அழகுக்கு மட்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது, சேற்றைக் கழுவாமல் அதன்மேலேயே அண்டர்பாடி கோட்டிங் அடிப்பது, இரண்டும் காசு கொடுத்துத் துரு வாங்குவது.

இப்போது பில். இங்கேதான் ஜனங்கள் ஏமாந்து நிற்கிறார்கள். மைலேஜ் கேட்கிறார்கள், சன்ரூஃப் கேட்கிறார்கள், ஹெட்லைட் என்ன விலை என்று ஒருவரும் கேட்பதில்லை. சாதா பல்பு ஹெட்லைட் சில ஆயிரத்தில் முடியும். எல்இடி என்றால் பெரும்பாலும் முழு செட்டாகத்தான் மாற்றணும், அது பத்தாயிரங்களில். பம்பருக்குள் ரேடார், கண்ணாடியில் கேமரா இருக்கிற வண்டியில் அதை மாற்றியபின் மறுபடி அளவு சரிசெய்கிற கூலியும் சேரும். “இன்சூரன்ஸ் இருக்கே” என்பீர்கள். சாதாரண பாலிசியில் என்ன நடக்கும் என்று ஒரு கணக்கு பாருங்கள். நான்கரை வயது வண்டி, பம்பர் 10,000, போனட் 10,000, முன் கண்ணாடி 8,000, பெயிண்டிங் 12,000, மொத்தம் 40,000 என்று வையுங்கள். பாகம் பழசானதற்காகக் கம்பெனி பிடிப்பதுதான் கழிவு. பம்பர் பிளாஸ்டிக், பாதி கழிவு, கிடைப்பது 5,000. போனட் இரும்பு, நான்கிலிருந்து ஐந்து வயதுக்கு 35 சதவீதக் கழிவு, 6,500. கண்ணாடிக்குக் கழிவே இல்லை, முழு 8,000. பெயிண்டிங் பில்லில் கால்வாசியைப் பொருள் என்று எடுத்து அதில் பாதி கழிப்போம், 10,500. கூட்டினால் 30,000, அதில் கட்டாயப் பிடித்தம் 1,000, என்ஜின் 1,500 சிசிக்கு மேல் என்றால் 2,000. ஆக, சின்ன என்ஜினுக்கே 11,000 ரூபாய் உங்கள் பையிலிருந்து. பிளாஸ்டிக் அதிகமுள்ள வண்டிக்கு இது இன்னும் ஏறும். ஜீரோ டெப் என்கிற கூடுதல் கவர் எடுத்தால் இந்தக் கழிவு போகும், ஆனால் பெரும்பாலும் அது வண்டிக்கு ஐந்து வயது வரைதான், அதற்கு மேல் தருகிற கம்பெனிகள் சில உண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் தண்ணீர் இழுத்தால் சாதாரண பாலிசியில் அதற்குக் காசு வராது, தனியாக என்ஜின் கவர் வேண்டும். 2021 நவம்பர் மழையில் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டியது.

பில்லில் சேராத செலவு ஒன்று இருக்கிறது, தூரம். மாருதி ஸ்பேர் மார்த்தாண்டத்தில் சாயங்காலம் கேட்டாலும் கிடைக்கும். சில கம்பெனிகளுக்குத் திருவனந்தபுரம் போகணும், இடித்த வண்டியை லாரியில் ஏற்றி நெய்யாற்றின்கரை நெரிசலைத் தாண்டிக் கொண்டுபோகிற கூலியும், பாகம் வரக் காத்திருக்கும் நாட்களும் யார் தலையில்? ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் என்ஜின் ஸ்விஃப்டிலும் இருந்தது, இண்டிகா விஸ்டாவிலும் இருந்தது, ஃபியட் புண்டோவிலும் இருந்தது. என்ஜின் ஒன்றுதான், மெக்கானிக் எல்லோருக்கும் அத்துபடி, ஆனால் புண்டோ வைத்திருந்தவர் கதவுக் கைப்பிடிக்கு அலைந்த அலைச்சல் ஸ்விஃப்ட்காரருக்கு இல்லை. செவர்லே 2017 கடைசியில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, சர்வீஸ் தொடரும் என்றும் சொன்னது. கெட்டியான வண்டிகள்தான். ஆனால் கம்பெனி போனால் சந்தை விலை சரியும், சந்தை விலை சரிந்தால் பாலிசியில் போடும் மதிப்பு சரியும், ரிப்பேர் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். ஆக, வேறு கம்பெனி வண்டியாக இருந்தால் சரிசெய்து ஓட்டியிருக்கலாம் என்கிற அதே அடியில் இது எடைக்குப் போகும்.

வாத்தியாரிடம் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. ஒரு கவரின் பின்பக்கம் ஐந்து பெயர் எழுதிக் கொடுத்தேன். முன் பம்பர், ஹெட்லைட், போனட், முன் கண்ணாடி, பக்கக் கண்ணாடி. ஷோரூமில் விற்பனைப் பையனிடம் கேட்காதீர்கள், உள்ளே ஸ்பேர்ஸ் கவுண்டரில் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். மூன்று இடம் ஏறி இறங்கினார். ஒரு கவுண்டரில் “வாங்குறதுக்கு முன்னாடியே இடிக்கத் திட்டம் போடுறீங்களா சார்?” என்று சிரித்தார்களாம். இரண்டு வண்டிக்கு ஸ்டார் ஒன்றுதான், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஐந்து பாகத்தின் கூட்டுத்தொகையில் ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. குறைந்ததை எடுத்தார்.

வாங்கி பதினேழாம் நாள் காலையில் போன். முற்றத்தில் நிறுத்தியிருந்த வண்டியின் முன் கண்ணாடியில் தேங்காய் விழுந்துவிட்டது. பதற்றத்தையும் மீறி அவர் முதலில் கேட்டது, “சார், கண்ணாடிக்குக் கழிவு இல்லைன்னீங்க, இல்லியா?” இல்லைதான். ஆனால் க்ளெய்ம் போட்டால் அடுத்த வருடம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் தள்ளுபடியாகக் கிடைக்க வேண்டிய 20 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் போகும், கவுண்டரில் எழுதிய கண்ணாடி விலையையும் அந்தப் போனஸ் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார், கண்ணாடிதான் கூடுதல், க்ளெய்ம் போட்டுவிடலாம் என்று. கண்ணாடி மாற்றியாகிவிட்டது. வண்டி இப்போதும் அதே தென்னைக்கு அடியில்தான் நிற்கிறது, காய் வெட்ட ஆள் கிடைக்கவில்லையாம்.