பாலாடையளவு தண்ணீர் போதும், இன்ஜின் போய்விடும்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, பத்து மணி இருக்கும். போன் வந்தது. "ஏனுங்கண்ணா, லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில மழைத்தண்ணிக்குள்ள வண்டி நின்னுபோச்சுங்க. நாலு தடவை செல்ஃப் அடிச்சுப் பார்த்துட்டேன். ஒருக்கா டொக்குனு ஒரு சத்தம் வந்துச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்லீங்க."

அந்த 'டொக்'கைக் கேட்டதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. இனிமேல் சாவியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, கோவையில் இருக்கும் அந்தப் பாலத்தடிக்கு ரிக்கவரி வண்டியை அனுப்பினேன். மறுநாள் பட்டறையில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், ஃபில்டர் காகிதம் மழையில் நனைந்த அப்பளம் மாதிரி அலை அலையாக இருந்தது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, டயல் கேஜ் வைத்து நாலு பிஸ்டனும் எவ்வளவு உயரம் ஏறி வருகின்றன என்று அளந்தோம். மூன்று ஒரே மட்டத்துக்கு வந்தன. ஒன்று மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் கீழேயே நின்றுவிட்டது. பிஸ்டனை மேலே தள்ளும் கம்பியான கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது என்று அர்த்தம். பில் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

அந்தத் தம்பி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இது எஸ்யூவி டைப் வண்டிதானுங்களே, உயரமாத்தானே இருக்கு?" இதே கேள்வியை ஒவ்வொரு மழைக்கும் யாராவது கேட்கிறார்கள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் நாட்டில் 2013க்கும் 2018க்கும் நடுவில் இந்த வகை வண்டிகள் வரிசையாக வந்தன. ஃபோக்ஸ்வேகன் கிராஸ் போலோ, டொயோட்டா எட்டியோஸ் கிராஸ், பின்கதவில் ஸ்டெப்னியைத் தொங்கவிட்ட ஃபியட் அவென்ச்சுரா, ஹூண்டாய் ஐ20 ஆக்டிவ், ஹோண்டா டபிள்யூஆர்-வி, ஃபோர்டு ஃப்ரீஸ்டைல். எல்லாமே சாதாரணச் சின்னக் காரை எடுத்து, சுற்றிலும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை கட்டி, கூரையில் கம்பி வைத்து, பம்பருக்கு அடியில் வெள்ளி நிறத் தகடு காட்டி, கொஞ்சம் உயர்த்தி விட்டவை. எல்லாவற்றிலும் டீசல் உண்டு. எல்லாமே முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள். ஒன்றுகூட ஃபோர் வீல் டிரைவ் கிடையாது.

இவற்றில் என் கைக்கு அதிகம் வருவது ஐ20 ஆக்டிவ். 2015 மார்ச்சில் வந்தது, சென்னைப் பக்கம் நம்ம இருங்காட்டுக்கோட்டை ஆலையில் செய்தது. டீசலில் 1396 சிசி இன்ஜின், 90 பிஎஸ், சுமார் 220 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர். 1500 ஆர்பிஎம்மிலேயே இழுவை முழுசாக வந்துவிடும். பாலக்காடு ரோட்டில் நாலு பேரோடு ஆறாவது கியரில் விட்டால் அலுப்பே தெரியாமல் ஓடும். நல்ல வண்டி, மனசாரச் சொல்கிறேன். ஒழுங்காகப் பராமரித்தவர்களிடம் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் இன்ஜின் கெட்டியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உயரக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சாதாரண எலைட் ஐ20க்கு கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி, 170 மில்லிமீட்டர். ஆக்டிவுக்கு 190. வித்தியாசம் இரண்டே சென்டிமீட்டர், ஒரு விரல் அகலம் கூடுதல். ஊர்ப்பக்க வேகத்தடையில் அடி தட்டாமல் ஏற அது உதவும், தோட்டத்து மண்பாதையில் உதவும். அதுவும் வெறும் வண்டியாக நிற்கும்போது உள்ள கணக்கு. ஐந்து பேர் உட்கார்ந்து டிக்கியில் அரிசி மூட்டை ஏற்றினால் அந்த இரண்டு சென்டிமீட்டரும் காணாமல் போய்விடும்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது கல்லுக்கும் மேட்டுக்கும் உள்ள அளவு. தண்ணீருக்கு உள்ள அளவு வேறு. தண்ணீர் விஷயத்தில் பார்க்க வேண்டியது இன்ஜின் மூச்சு இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்பது. சின்னக் கார்களில் பெரும்பாலும் அது பானெட்டின் முன் விளிம்புக்குப் பின்னால், கிரில் பக்கம் இருக்கும். தண்ணீர் முழங்கால் அளவு நிற்கிறது, வாய் அதற்கு மேலேதானே என்று தோன்றும். ஆனால் வண்டி ஓடும்போது முன்பக்கம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. அலை எழும்பி கிரில் வழியாக நேரே அந்த வாய்க்குள் போகும். எதிரே ஒரு பஸ் வேகமாக வந்தால் அந்த அலையும் சேர்ந்துகொள்ளும். கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை இதில் எதையும் தடுக்காது.

டீசலில் ஏன் இது இன்னும் மோசம் என்று கேட்டால், ஒரு சின்னக் கணக்கு போதும். 1396 சிசியை நாலு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒரு சிலிண்டருக்கு 349. டீசல் இன்ஜின் காற்றைச் சுமார் 17 மடங்கு அமுக்கித்தான் பற்றவைக்கிறது. அப்படியானால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஏறக்குறைய 22 மில்லி. கைக்குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் கொள்கிற அளவு. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்தப் பாலாடைக்கு மேல் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் முட்டி நிற்கும், அதைத் தள்ளுகிற ராட் வளையும். பெட்ரோல் இன்ஜினுக்கும் இது நடக்கும், ஆனால் அங்கே இடம் கொஞ்சம் அதிகம். ராட் லேசாக மட்டும் வளைந்திருந்தால் வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகிவிடும். தப்பித்தோம் என்று ஓட்டுவார்கள். லேசாகத் தட்டல் கேட்கும், ஆயில் குறையும், சில வாரம் கழித்து ஹைவேயில் ராட் உடைந்து இன்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும்.

அதனால் தண்ணீரில் வண்டி தானாக நின்றுவிட்டால் தயவுசெய்து செல்ஃப் அடிக்காதீர்கள். நின்றபோது ராட் தப்பித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டாவது முறை சாவி திருகும்போதுதான் பல இன்ஜின்கள் போகின்றன. நியூட்ரலில் போட்டுத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவாருங்கள், பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் சில ஆயிரத்தில் முடிந்துபோன வண்டிகள் உண்டு.

போட்டோ ஏன் என்றால் இன்ஷூரன்ஸுக்கு. ஃபுல் கவர் போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களிடம் நான் கேட்பது, இன்ஜின் புரொடெக்ஷன் சேர்த்திருக்கிறீர்களா என்றுதான். சாதாரண பாலிசியில் வெள்ளத்தில் மூழ்கிய சேதத்துக்குப் பணம் உண்டு. ஆனால் தண்ணீருக்குள் இன்ஜினை ஓட்டியதாலோ செல்ஃப் அடித்ததாலோ ராட் வளைந்தால், அது பின்விளைவுச் சேதம் என்று தள்ளிவிடுவார்கள். அந்தத் தம்பிக்கு நடந்தது அதுதான். புதுப்பிக்கும்போது அந்தக் கூடுதல் கவருக்கு ஆகும் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள், பாலத்தடி வழியாகத் தினம் போகிறவர்கள் முக்கியமாக.

இந்த வண்டிகள் எல்லாம் இப்போது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புது புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது ஆக்டிவ் டீசலின் கதை முடிந்தது. வாங்க வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது, தினம் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று. காந்திபுரத்தில் கடை, வடவள்ளியில் வீடு, அவ்வளவுதான் என்றால் டீசல் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன். இன்ஜின் சூடேறும் முன் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வில் கரி அடைத்துக்கொள்ளும், ஒரு இன்ஜெக்டர் போனாலே மிச்சம் பிடித்த பணம் எல்லாம் போய்விடும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முன்பு இருந்த விலை வித்தியாசமும் இப்போது இல்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தபிறகு அது குறுகிக்கொண்டே வந்துவிட்டது. வாரம் ஒருமுறையாவது நீண்ட தூரம் ஓடுகிறவருக்குத்தான் இது கட்டுபடியாகும்.

அடுத்தது, வண்டி எங்கிருந்து வருகிறது என்பது. டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதிலிருந்து, அந்தப் பக்க வண்டிகள் மலிவாக வெளி மாநிலங்களுக்கு வருகின்றன. அதில் தப்பில்லை. ஆனால் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டபின் அது மலிவா என்று பாருங்கள்.

வெள்ளத்தில் கிடந்த வண்டிதான் பெரிய பயம். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று எல்லோரும் பார்த்தோம். கழுவி, பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றிவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இந்த வகை வண்டியில் வீல் ஆர்ச் மேல் உள்ள பிளாஸ்டிக் பட்டையைக் கிளிப் கழற்றிப் பாருங்கள். பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே சேறு தங்கி, ஈரம் பிடித்து, பெயின்ட் கொப்பளித்திருக்கும். சொந்த வண்டியாக இருந்தாலும் வருடம் ஒருமுறை அங்கே கழுவச் சொல்லுங்கள், சர்வீஸில் கேட்காமல் யாரும் செய்யமாட்டார்கள். ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் விரல் விட்டுத் தடவுங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அப்புறம், பின்சீட் பெல்ட்டை இழுங்கள். பாதியில் விடாமல், இனி வராது என்று நிற்கும் வரை இழுங்கள். விற்கிறவர் எல்லாவற்றையும் கழுவியிருப்பார், சுருளுக்குள்ளே இருக்கிற அந்தக் கடைசி அரையடியை மட்டும் பெரும்பாலும் மறந்திருப்பார். போன மாதம் ஒருவர் முன்பணம் கொடுக்கப் போன வண்டியில் அங்கேதான் செம்மண் கோடு கிடந்தது, நேராக, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி.