பிள்ளைக்கு ரத்தம் ஊறவில்லையா? மரபணுவையும் பாருங்கள்

குடியாத்தம், ஆம்பூர், ஆரணிப் பக்கமிருந்து வேலூருக்கு வரும் பெற்றோர் பலர் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். ஆறேழு வயதுப் பிள்ளை, முகம் வெளுத்திருக்கிறது, லேசாக இடித்தாலே கன்றிப்போகிறது, பல் துலக்கினால் ரத்தம் வருகிறது. மாதக்கணக்கில் இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் பலனில்லை. பரிசோதித்தால் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் குறைவு. இது டானிக்கில் சரியாகிற விஷயம் இல்லை. ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையே ஓய்ந்துவருகிறது.

எல்லா மஜ்ஜைச் செயலிழப்புக்கும் மரபணு காரணமல்ல. நம் எதிர்ப்பு சக்தியே மஜ்ஜையைத் தாக்குவதும் உண்டு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான். ஆனால் பிள்ளை என்றால், மரபணுப் பழுதால் வரும் ஃபான்கோனி ரத்தசோகை இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

1927-ல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கீடோ ஃபான்கோனி, ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் மூவரிடம் கண்டு எழுதிய நோய் இது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகள் சில சமயம் தவறாக ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துவிடும். அதைப் பிரித்துச் சரிசெய்ய இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் கூட்டாக வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்று பழுதானாலும் பிழைகள் சேர்ந்து மஜ்ஜை அணுக்கள் மடிகின்றன. சில பிள்ளைகளுக்குக் கட்டைவிரல் சிறுத்திருக்கும், உயரம் குறைவாக இருக்கும், தோலில் பழுப்புத் திட்டுகள் தெரியும். வெளியே எதுவுமே தெரியாத பிள்ளைகளும் உண்டு. ஆகவே கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாது. ரத்த அணுக்களில் மைட்டோமைசின்-சி போன்ற மருந்தைச் சேர்த்து, குரோமோசோம்கள் எவ்வளவு உடைகின்றன என்று பார்க்க வேண்டும்.

“எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே சார்” என்பார்கள். உண்மைதான். பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதாக இருக்கும். இருவருமே நலமாக இருப்பார்கள். இரண்டு பழுதும் ஒரே பிள்ளைக்குச் சேரும் வாய்ப்பு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று. நம் பக்கம் அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் வழக்கம். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுக்களில் ஏறக்குறைய கால் பங்கு பொது, மாமன் மகள் அத்தை மகனுக்கு எட்டில் ஒரு பங்கு. அதனால் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதற்காக மருமகளைக் குறை சொல்லும் வீடுகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. பழுதில் பாதி தகப்பன் கொடுத்தது.

ஏன் முதலிலேயே கண்டுபிடிக்க வேண்டும்? எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள் இந்நோயில் பலிக்காது. மஜ்ஜையைச் சரிசெய்யும் வழி, இன்னொருவரின் மஜ்ஜையை ஏற்றும் மாற்று சிகிச்சைதான், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அது 1986 முதல் நடக்கிறது. ஆனால் அதற்கு முன் கொடுக்கும் கீமோ மருந்தை இந்தப் பிள்ளைகளின் உடல் வழக்கமான அளவில் தாங்காது, வெகுவாகக் குறைத்தே கொடுக்க வேண்டும். இன்னொன்று, மஜ்ஜை கொடுக்க வரும் அண்ணனோ தங்கையோ பார்க்க நலமாக இருந்தும் அதே நோயைச் சுமக்கலாம். அவர்களுக்கும் அந்தக் குரோமோசோம் பரிசோதனை கட்டாயம்.

மாற்று சிகிச்சை முடிந்தாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். வருடந்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். புகையிலையும் மதுவும் கிட்டவே வரக்கூடாது.

அடுத்த குழந்தைக்கு யோசிக்கும் தம்பதி, கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசனைக்கு வாருங்கள். குடும்பத்தின் பழுது எது என்று தெரிந்திருந்தால் 11-வது வாரம் முதல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்க முடியும். வரும்போது பிள்ளையின் பழைய ரத்த ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள்.