கேம்பிட்: பலியா, கால்வாரலா, தூண்டிலா?

'கேம்பிட்' (gambit) செஸ் பார்ப்பவர்கள் தினமும் சொல்லும் சொல்தான், ஆனால் இதன் வேர் காலில் இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். இத்தாலிய மொழியில் 'காம்பா' என்றால் கால். (தொடைகளுக்கு நடுவே பிடித்து வாசிக்கும் 'வியோலா ட காம்பா' என்ற நரம்பிசைக் கருவியின் பெயரிலும் இதே கால்தான்.) அதிலிருந்து வந்த 'காம்பெட்டோ', எதிராளியின் காலைத் தட்டி விழவைப்பதைக் குறிக்கும். இதை 'காம்பிட்டோ' என்று சதுரங்கத்துக்குள் கொண்டுவந்தவர் ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபஸ், 1561-இல் வெளியான தன் நூலில்.

ஆட்டத்தில் இதன் பொருள்: தொடக்க நகர்வுகளிலேயே ஒரு காயை, பெரும்பாலும் சிப்பாயை, வேண்டுமென்றே நீட்டுவது. அதற்கு ஈடாகக் கிடைப்பது வேகமும் நடுக்கட்டங்களின் பிடியும்.

1960-இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா போட்டியில் சோவியத் ஆட்டக்காரர் ஸ்பாஸ்கி இரண்டாம் நகர்விலேயே ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை நீட்டினார், அதாவது கிங்ஸ் கேம்பிட். எதிரே பதினேழு வயது அமெரிக்கர் ஃபிஷர், சிப்பாயை எடுத்துக்கொண்டார், நன்றாகவும் ஆடினார், ஆனால் கடைசியில் ஒரு தவறு செய்து 29-ஆம் நகர்வில் தோற்றார். கோபம் ஆறவில்லை போலிருக்கிறது, அடுத்த வருடமே அந்தத் திறப்பு (ஆட்டத்தைத் தொடங்கும் முறை) செல்லாது என்று ஒரு கட்டுரை எழுதினார்!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'பலி' என்றால் நடு ஆட்டத்தில் யானையையோ ராணியையோ கொடுக்கும் சாக்ரிஃபைஸோடு குழம்பிவிடும். வேருக்கு நெருக்கம் 'கால்வாரல்', ஆனால் தமிழில் காலை வாரிவிடுவது கூட இருந்தே செய்யும் துரோகம், இங்கே எல்லாம் பலகையில் கண்முன்னே நடக்கிறது. 'காலிடறல்' விழுபவரின் செயல், அதுவும் சரிவராது.

என் ஓட்டு 'தூண்டில் திறப்பு'க்குத்தான். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கிற வேலைதானே. எதிராளி கடிக்கலாம், கடிக்காமலும் போகலாம் என்பதால் குயின்ஸ் கேம்பிட் என்ற திறப்பின் 'அக்செப்டட்', 'டிக்ளைன்டு' வகைகளுக்கு 'ஏற்ற ராணித் தூண்டில்', 'மறுத்த ராணித் தூண்டில்' என்று பெயர்களும் தடங்கலில்லாமல் வரும். ஒரே உறுத்தல், குயின்ஸ் கேம்பிட்டில் கொடுத்த சிப்பாயை வெள்ளை பெரும்பாலும் எளிதாகத் திரும்ப எடுத்துவிடுவதால் அது பெயரளவில்தான் கேம்பிட். அப்புறம் என்ன, இரையும் திரும்பிவந்துவிடுகிற தூண்டில் அது.