ஹோல்சேல் இன்வெஸ்டர்னா மொத்த வியாபாரியா?

சிட்னில இருக்கற என் சித்தி பையன் ஒரு ஃபாரத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "அண்ணா, ஹோல்சேல் இன்வெஸ்டரான்னு கேக்குறான், டிக் பண்ணா ரேட்டு கம்மியாகுமா"ன்னு கேட்டான். ஏதோ ப்ராபர்ட்டி ஃபண்டு. கேள்வி நியாயம்தான், கோயம்பேடு பாத்து வளந்தவனுக்கு ஹோல்சேல்னா மூட்டையா வாங்கினா விலை குறையும், அவ்ளோதானே. நேரா தமிழ்ப்படுத்தி "மொத்த முதலீட்டாளர்"னு போட்டா இன்னும் குழப்பம், மொத்தப் பணத்தையும் ஒருத்தரே போட்ட மாதிரி இருக்கு.

ஹோல்சேல்ங்கறது முழுசா விக்கறது. அதுக்கு எதிர் ரீடெய்ல், பழைய பிரெஞ்சுல வெட்டி எடுக்கறதுன்னு அர்த்தம், டெய்லரும் அதே வேர்தான். நம்ம சில்லறையும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், தேங்காய்ச் சில்லுன்னு சொல்றோமே அந்த சில்லு. இன்வெஸ்ட்டோ லத்தீன்ல உடை உடுத்தறது, இத்தாலிக்காரன் வழியா பணத்துக்கு வந்துச்சு, ஆங்கிலத்துல 1610கள்ல கிழக்கிந்திய வியாபாரப் பேச்சுலதான் இந்த அர்த்தத்துல மொதல்ல தென்படுது. மதராஸ்ல கம்பெனிக்காரங்க கப்பல்ல அனுப்ப வருஷா வருஷம் சரக்கு வாங்கறதையே 'இன்வெஸ்ட்மென்ட்'னுதான் எழுதி வெச்சாங்க, சரக்குல பெரும்பங்கு துணி. சிந்தாதிரிப்பேட்டைய 1734ல நெசவாளிங்களுக்குன்னு உண்டாக்கினதே அந்தத் துணிக்காகத்தான். ஆக ரீடெய்ல், இன்வெஸ்ட் ரெண்டு சொல்லுலயும் துணி ஒட்டிட்டிருக்கு.

சரி, ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். அங்க 2001 கார்ப்பரேஷன்ஸ் சட்டம், அதாவது கம்பெனிச் சட்டம், முதலீடு பண்ற ஆளுங்கள ரெண்டா பிரிக்குது, ரீடெய்ல், ஹோல்சேல். தனி ஆள் ஹோல்சேல் ஆக ரொம்பப் பேர் புடிக்கிற வழி அக்கவுன்டன்ட் சர்டிஃபிகேட்: கடன் போக நிகர சொத்து 25 லட்சம் டாலர், இல்லன்னா முந்தின ரெண்டு நிதியாண்டுலயும் மொத்த வருமானம் தலா 2.5 லட்சம் டாலர். தலாங்கறத கவனிக்கணும், ஒரு வருஷம் 3 லட்சம் இன்னொரு வருஷம் 2.4 லட்சம்னா சராசரி போட்டு தப்பிக்க முடியாது. சொத்துல குடியிருக்கற வீடும் சேரும், அதான் வேடிக்கை, இந்தத் தொகைய சட்டம் வந்த நாள்லேந்து ஏத்தவே இல்ல, சிட்னில வீட்டு விலை எங்கயோ போயிடுச்சு, பங்குன்னா என்னன்னே தெரியாத பாட்டிம்மாகூட வீட்ட வெச்சே தேறிடுவாங்க. சர்டிஃபிகேட் இல்லாட்டி ஒரே தடவைல 5 லட்சம் டாலர் போட்டாலும் ஹோல்சேல்தான்.

சர்டிஃபிகேட்னா பெருசா ஒன்னுமில்ல, பெரும்பாலும் ஒரே பக்கம். உன் பேரு, எந்த அளவுல தேறினன்னு ஒரு வரி, அக்கவுன்டன்ட் எந்த சங்கத்துல மெம்பர், கையெழுத்து, தேதி. அவர் சும்மா போட மாட்டார், டாக்ஸ் ஆபீஸ் அனுப்பின அசெஸ்மென்ட் நோட்டீஸ், லோன் பாக்கி எல்லாம் கேப்பார். ரெண்டு வருஷம் ஆனா புதுசா வாங்கணும். அத பாஸ்போர்ட், லைசென்ஸோட ஃபண்டுக்காரன்கிட்ட அப்லோட் பண்றதத்தான் ரெஜிஸ்டர் பண்றதுன்னு சொல்றாங்க, அரசாங்கத்துல தனியா ஒரு பதிவேடு எதுவும் கிடையாது. அந்த சட்டத்துலயே சொஃபிஸ்டிகேட்டட் இன்வெஸ்டர், அதாவது விவரம் தெரிஞ்ச முதலீட்டாளர்னு இன்னொரு பட்டம் வேற, சொஃபிஸ்டிகேட்டட்ங்கற சொல்லுக்கு ஒரு காலத்துல கலப்படமானதுன்னு அர்த்தம், யோசிச்சு வெச்சாங்களோ என்னவோ!

டிக் பண்ணா கெடைக்கறது டிஸ்கவுன்ட் இல்ல. ரீடெய்ல் ஆளுக்கு கட்டாயமா குடுக்க வேண்டிய விளக்க ஆவணம் உனக்கு குடுக்கணும்னு இல்ல, நாளைக்கு பணம் போயிடுச்சுன்னு நிதிப் புகார் ஆணையத்துக்கு போனா ஹோல்சேல் ஆளோட புகார அவங்க எடுக்காமலும் விடலாம். 'இவனுக்கு சொல்லிக் குடுக்க வேணாம், பாத்துக்குவான்'னு சட்டம் கை கழுவற இடம் இது.

அதனால 'மொத்த' வேணாம். தமிழ் பேப்பர்ல சில்லறை முதலீட்டாளர், சிறு முதலீட்டாளர் ரெண்டும் புழங்குது, அதுக்கு ஜோடியா பெருமுதலீட்டாளர்னு சொல்லலாம், சட்டக் காகிதம்னா 'தகுதிச் சான்று பெற்ற பெருமுதலீட்டாளர்'. ஆனா பெரும்னு வந்தாலே பெருமை மாதிரி கேக்குது, பாதுகாப்பு போச்சுங்கறது அதுல தெரியல. 'காப்புவிலக்கு முதலீட்டாளர்'னு ஒன்னு எனக்கு தோணுது, கொஞ்சம் முரடா இருந்தாலும் விஷயத்த சொல்லிடுது.

தம்பிக்கு இதெல்லாம் வாய்ஸ் நோட்டுல சொன்னேன். லோன் கழிச்சு பாத்தா அவனுக்கு 25 லட்சத்துல பாதிகூட வரல. "ரீடெய்ல்னு போட்டா ஃபாரம் அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேங்குதுண்ணா"ன்னான்.