புது போனில் நெட் ஓடவில்லையா? முதலில் சிம்மை வெளியே எடுத்துப் பாருங்கள்

மாம்பழ சீசன் முடியும் நேரத்தில் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. புது போன், அதன் பெட்டி, பில், சார்ஜர் எல்லாம் அதற்குள் பத்திரமாக இருந்தன. "பெங்களூர்ல இருக்கிற பையன் வாங்கி அனுப்பினான் தம்பி. பழைய போன்லகூட பேத்தி முகம் நல்லா தெரிஞ்சுது. இதுல சுத்திக்கிட்டே இருக்குது. திருப்பி அனுப்பிடலாமா?" என்றார்.

எனக்கு முன்னால் வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். அங்கே "சாஃப்ட்வேர் கோளாறு" என்று சொல்லி ஃபேக்டரி ரீசெட் போட்டுவிட்டார்கள். பழைய போனிலிருந்து மாற்றிவைத்த கல்யாணப் படங்கள் போய்விட்டன. பழைய போனையோ எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாகிவிட்டது. நெட்டும் சரியாகவில்லை.

நான் செட்டிங்ஸைத் திறக்கவில்லை. சிம் டிரேயை இழுத்தேன். உள்ளே ஒரு சிம்மும் ஒரு மெமரி கார்டும். அந்த சிம் கட்டரில் வெட்டிச் சிறிதாக்கியது. ஓரம் கோணலாக இருந்தது, தங்க நிறத் தகட்டின் ஒரு மூலை தேய்ந்து வெளுத்திருந்தது. பெரிய சிம் மட்டுமே புழங்கிய காலத்தில் வாங்கியது. திரையின் மேலே ஆங்கில ஈ எழுத்து நின்றது. அப்படியென்றால் போன் 2ஜியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"பழைய போன்ல ரெண்டு சிம் இருந்துதுங்களா?" என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். அதன் அட்டைக்குள் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார் இரண்டாவது சிம்மை. 4ஜி சிம். அதில்தான் மகன் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தான். புது போனில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம். கார்டைப் போட்டதும் சிம்முக்கு இடமில்லாமல் போய்விட்டது. கார்டை எடுத்துவிட்டு அந்த சிம்மைப் போட்டோம், டேட்டாவுக்கு அதையே தேர்வு செய்தோம். ஐந்து நிமிடத்தில் பேத்தியோடு பேசினார். போன கல்யாணப் படங்களை மட்டும் என்னால் மீட்டுத் தர முடியவில்லை.

கிருஷ்ணகிரியில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நான் வாரத்துக்குப் பல தடவை இந்தக் கதையைப் பார்க்கிறேன். ஆள் வேறு, ஊர் வேறு, கதை இதுதான். புது போனில் நெட் வேகமில்லை என்றதும் எல்லோருக்கும் போன்மேல்தான் சந்தேகம் வருகிறது. போன், சிம், டவர் ஆகிய மூன்றில் எது காரணம் என்று தெரியாமலே ரீசெட் போடுகிறார்கள், பணம் கொடுக்கிறார்கள், சிலர் ஓடிபியைக்கூடச் சொல்லிவிடுகிறார்கள்.

எது காரணம் என்று கண்டுபிடிக்கக் கடைக்கு வர வேண்டியதே இல்லை. உங்கள் சிம்மை வீட்டில் நன்றாக ஓடும் இன்னொரு போனில் போடுங்கள். அந்தப் போனின் சிம்மை உங்கள் புது போனில் போடுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் செய்யுங்கள். மந்தம் சிம்மோடு சேர்ந்து அடுத்த போனுக்கும் போனால் சிம்மையோ ரீசார்ஜையோ பாருங்கள். போனோடே தங்கிவிட்டால் போனைப் பாருங்கள். நாலு பேர் போனும் அதே இடத்தில் திணறினால் அது டவர். இந்தப் பத்து நிமிட வேலை பல பேருக்குக் கிருஷ்ணகிரி வரும் பஸ் செலவை மிச்சமாக்கும்.

சிம்மைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏமாற்று வேலை அதிகம் நடப்பது இங்கேதான். 2ஜி, 3ஜி காலத்துப் பழைய சிம்மை வைத்திருந்தால் 4ஜி சிம்மாக மாற்றியே ஆக வேண்டும். பிஎஸ்என்எல் வைத்திருக்கும் பலருக்கு இது பொருந்தும். அவர்களின் 4ஜி சேவை 2025 செப்டம்பரில் நாடு முழுக்க முறையாகத் தொடங்கப்பட்டது. பழைய சிம்மோடு இருப்பவர்கள் பக்கத்து டவரில் 4ஜி வந்த பிறகும் பழைய வேகத்திலேயே இருக்கிறார்கள். ஆதாரோடு நிறுவனத்தின் சொந்த அலுவலகத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள், எண் மாறாது. புது சிம் உயிர்பெற்ற பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகவும் போகாது. மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் பாதுகாப்பு அது. ஆகவே வங்கி வேலை இருக்கும் நாளில் சிம் மாற்றாதீர்கள். போன வருடம் ஒரு அக்கா நகைக்கடனுக்குப் பணம் கட்ட வேண்டிய நாளன்று காலையில் சிம் மாற்றிவிட்டு, ஓடிபி வராமல் சாயங்காலம் வரை தவித்தார்.

ஆனால் உங்களிடம் ஏற்கெனவே ஜியோ, ஏர்டெல் 4ஜி சிம் இருந்தால் 5ஜிக்காக அதை மாற்றவே வேண்டாம். அதே சிம்மில் 5ஜி கிடைக்கும் என்று அந்த நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன. இதை வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஏனென்றால் "உங்க சிம்மை 5ஜிக்கு மாத்தணும், ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க" என்றுதான் அழைப்பு வருகிறது. அந்த நம்பரைச் சொன்னால் உங்கள் எண் அவர்கள் கையில் இருக்கும் இன்னொரு சிம்முக்குப் போய்விடும். அப்புறம் வங்கியின் ஓடிபியெல்லாம் அங்கேதான் போகும். நீங்கள் எதுவும் கேட்காமலே உங்கள் போனில் திடீரென்று சிக்னல் மொத்தமாகப் போய்விட்டதா? டவர் பிரச்சினை என்று காத்திருக்க வேண்டாம். இன்னொரு போனிலிருந்து உடனே நிறுவனத்துக்கும் வங்கிக்கும் பேசி முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.

சரி, சிம்மும் புதிதுதான், ஆனாலும் சாயங்காலமானால் நெட் நின்றுவிடுகிறது என்பவர்களுக்கு ஒரு கேள்வி. காலையில் நன்றாக ஓடுகிறதா? ஓடினால் பெரும்பாலும் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். புது போன் வாங்கிய முதல் இரண்டு மூன்று நாள் இது நிச்சயம் நடக்கும். பழைய ஆப்களையெல்லாம் மறுபடி இறக்கும், வாட்ஸ்அப் பேக்கப்பை இழுக்கும், ஒவ்வொன்றுக்கும் அப்டேட் போடும். வைஃபை இல்லாத வீட்டில் இதெல்லாம் மொபைல் டேட்டாவில்தான் நடக்கிறது. ஒன்றரை ஜிபி மதியத்துக்குள் காலி. அதற்குமேல் பெரும்பாலான பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அந்த வேகத்தில் 2 எம்பி படம் ஒன்று இறங்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். போனை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் இது மாறாது. நள்ளிரவு தாண்டினால் தானாகச் சரியாகிவிடும்.

5ஜி வராததற்கும் ரீசார்ஜ் காரணமாக இருக்கலாம். 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது ஜியோவும் ஏர்டெல்லும் அளவில்லா 5ஜியை நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் பிளான்களோடு மட்டும் வைத்துக்கொண்டன. போன் 5ஜி, டவர் 5ஜி, பிளான் மட்டும் ஒன்றரை ஜிபி என்று எத்தனையோ பேர் வருகிறார்கள். ரீசார்ஜ் செய்யும் முன் அந்த பிளானில் 5ஜி உண்டா என்று ஒரு வரி படித்துவிடுங்கள்.

இப்போது போனுக்கு வருகிறேன். ஒரே பெயரில் 4ஜி போனும் 5ஜி போனும் வருகின்றன. 2023இல் ரெட்மி 12 அப்படித்தான் வந்தது, கேலக்ஸி ஏ14 அப்படித்தான் வந்தது. பெயரைக் கேட்டு வாங்கினால் போதாது. பெட்டியின் மேல் 5ஜி என்று அச்சிட்டிருக்கிறதா, பில்லில் அதே மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வாங்கும்போது யாரும் சொல்லாத விஷயம். 5ஜி என்பதிலேயே இரண்டு வகை இருக்கிறது. ஒன்று எஸ்ஏ, தன் காலில் தானே நிற்கும் 5ஜி. இன்னொன்று என்எஸ்ஏ, 4ஜியின் தோளில் உட்கார்ந்து போகும் 5ஜி. ஜியோ தொடக்கத்திலிருந்தே எஸ்ஏ. ஏர்டெல் தொடங்கியது என்எஸ்ஏ முறையில். பெரும்பாலான போன்கள் இரண்டையும் பிடிக்கும். ஆனால் மலிவு விலைப் போன்கள் சில எஸ்ஏ மட்டும்தான் பிடிக்கும். 2024இல் வந்த ஸ்நாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப் அந்த வகை. அப்படி ஒரு போனை வாங்கிக்கொண்டு என்எஸ்ஏ மட்டும் இருக்கிற இடத்தில் நின்றால் 5ஜி அடையாளமே வராது, 4ஜியில்தான் ஓடும். போனிலும் கோளாறில்லை, டவரிலும் கோளாறில்லை, இரண்டுக்கும் பொருத்தம் இல்லை. பர்கூரிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவி இதற்காக மூன்று கடை ஏறி இறங்கியிருந்தாள். மூன்று மாதம் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம். விற்றவர் இந்த ஒரு வார்த்தையை முன்னாலேயே சொல்லியிருந்தால் அதே விலையில் வேறு போன் எடுத்திருப்பாள். விற்கிற கடைக்காரர்களிடம் இதைக் கேட்டுக்கொள்கிறேன்: "எந்த சிம் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை எடுத்துக் காட்டுங்கள்.

துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ சொந்தக்காரர்கள் கொண்டுவரும் போனில் இன்னும் சிக்கல் உண்டு. அங்கே விற்கும் மாடலில் நம் ஊர் அலைவரிசை எல்லாமே இருக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14இல் சிம் போடும் டிரேயே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டும்தான். செகண்ட் ஹேண்டாக வாங்குகிறீர்கள் என்றால் *#06# அழுத்தி, போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று டைப் செய்து, இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்த மாடல், முடக்கப்பட்ட போனா என்பது தெரிந்துவிடும். பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

செட்டிங்ஸில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். டேட்டாவுக்குச் சரியான சிம் தேர்வாகியிருக்கிறதா, நெட்வொர்க் வகை 5ஜி அல்லது ஆட்டோவில் இருக்கிறதா, பேட்டரி சேவரும் டேட்டா சேவரும் அணைந்திருக்கின்றனவா, ஏபிஎன் எனும் நெட் இணைப்பு அமைப்பு டிஃபால்ட்டில் இருக்கிறதா. சாஃப்ட்வேர் அப்டேட் பாக்கியிருந்தால் போட்டுவிடுங்கள். 2022 அக்டோபர் 1ஆம் தேதி இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது ஐபோன் வைத்திருந்தவர்கள் டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எதற்கும் சரியாகவில்லை என்றால் நெட்வொர்க் செட்டிங்ஸை மட்டும் ரீசெட் செய்யுங்கள். வைஃபை பாஸ்வேர்டும் ப்ளூடூத் இணைப்பும் போகும், படம் போகாது. ஃபேக்டரி ரீசெட் அப்படியல்ல, எல்லாவற்றையும் துடைத்துவிடும். நெட் மெதுவாக இருக்கிறது என்பதற்காக யாராவது ஃபேக்டரி ரீசெட் போட வந்தால் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே இருக்கும் சங்கடம் டவர். இது பாறையும் மலையுமான ஊர். சையத்பாஷா மலைக்கு ஒரு பக்கம் முழு சிக்னல் இருக்கும், வளைந்து மறுபக்கம் போனால் இரண்டு கோடு. அலைவரிசை உயர உயர எட்டும் தூரம் குறையும். 3300 மெகாஹெர்ட்ஸில் வரும் 5ஜி வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டி உள்ளே வரத் திணறும். 700 மெகாஹெர்ட்ஸ் வெகுதூரம் வரும், வேகம் அவ்வளவு இருக்காது. மாடியில் 5ஜி, சமையலறையில் 4ஜி என்றால் போனைக் குறை சொல்ல வேண்டாம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டுப்பக்கம் இருப்பவர்கள் 5ஜி போனுக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கும் முன், உங்கள் ஊரில் எந்த நிறுவனத்தின் என்ன சிக்னல் வருகிறது என்று பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுப்படி நிறுவனங்கள் கவரேஜ் மேப்பைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டிருக்கின்றன.

எல்லையோரத்துக்காரர்களுக்கு இன்னொன்று. ஓசூர் ஜூஜூவாடியில் நிற்கும்போது போன் கர்நாடக டவரைப் பிடித்துக்கொள்ளும். வேப்பனப்பள்ளி தாண்டினால் ஆந்திர டவரும் வரும். அப்போது மேலே ஆங்கில ஆர் எழுத்து தெரிந்து, டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் சில போன்களில் நெட் அப்படியே நின்றுவிடும். புது போனில் பெரும்பாலும் அது அணைந்துதான் வரும். ஆன் செய்துவிடுங்கள். உள்நாட்டில்தானே இருக்கிறீர்கள், வழக்கமான பிளான்களில் அதற்குத் தனிக்கட்டணம் இல்லை. வெளிநாடு போகும்போது மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

சிம்மை மாற்றிப் போட்டுப் பார்த்து டவர்தான் காரணம் என்று தெரிந்துவிட்டால், உங்கள் நிறுவனத்தின் 198 எண்ணுக்கு அழையுங்கள். "நெட் வரல" என்று மட்டும் சொன்னால் போனை அணைத்துப் போடச் சொல்வார்கள். ஊர், தெரு, பின்கோடு, எத்தனை மணிக்கு வேகம் விழுகிறது, பக்கத்து வீட்டு போனிலும் அப்படித்தானா என்று சொல்லுங்கள். புகார் எண் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு போனை வையுங்கள். அதே தெருவில் இன்னும் நாலு பேரையும் தனித்தனியாகப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.