ஃபேக் ஐடி மேல் கேஸ் போடலாமா?

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கமிருந்து சித்தூர் கோர்ட்டுக்கு (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) வரும் நம் ஆட்கள் பலர் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை நீட்டுகிறார்கள். "பேர் தெரியாத எவனோ எழுதிட்டான், ஸ்டேஷன்ல கேஸ் எடுக்கல வக்கீலய்யா!"

எடுக்க முடியாது. அவதூறு, போலீஸ் தானாக எஃப்ஐஆர் போடக்கூடிய குற்றமல்ல. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 356-ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர்தான் மஜிஸ்திரேட்டிடம் புகார் தர வேண்டும். இதை மாற்றக் கேரளம் முயன்று பார்த்தது. பிறருக்குத் தொல்லை தரும் பேச்சைத் தண்டித்த கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவை, இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைத் தண்டித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ-வோடு சேர்த்து உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்தது. 2020 நவம்பரில், அவதூறாக எழுதுவோரைப் போலீஸே பிடிக்க வழிசெய்யும் 118ஏ என்று அவசரச் சட்டம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே வாபஸ். போனது நல்லதே என்பேன். இருந்திருந்தால் பஞ்சாயத்தைக் கேள்வி கேட்பவர்தான் முதலில் உள்ளே போயிருப்பார்.

பேரை மறைத்து எழுதுவது மட்டுமே குற்றமாகிவிடாது. "பால் சொசைட்டியில் ஏன் கணக்குக் காட்டவில்லை?" என்பது கேள்வி. "செக்ரட்டரி பணத்தைத் திருடினார்" என்பது குற்றச்சாட்டு. அது பொய்யானால் வழக்குக்கு இடமுண்டு. உண்மையாக இருந்து, சொன்னது பொது நன்மைக்காகவும் என்றால் குற்றமில்லை. நெஞ்சு வலிக்கிறது என்பதற்காக எல்லாம் அவதூறு ஆகாது.

சரி, ஆள் யாரென்றே தெரியாவிட்டால்? சிக்கலே இங்குதான். எதிர்த் தரப்பைக் கேட்காமல் தனிப்புகாரை (மஜிஸ்திரேட்டிடம் நேரே தருவது) கோப்பில் எடுக்கக் கூடாது என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். பேரே இல்லாதவரை எங்கே போய்க் கேட்பது? அதனால் பலமுறை சிவில் வழக்கே கைகொடுக்கும்: 'அசோக் குமார்' என்ற கற்பனைப் பெயரில் தடை உத்தரவு கேட்கலாம், கணக்கு யாருடையது என்று கம்பெனி சொல்லும்படி கோர்ட்டைக் கேட்கலாம். வாட்ஸ்அப் ஃபார்வர்டு என்றால் கஷ்டம். முதலில் அனுப்பியவரைக் காட்டச் சொல்லும் 2021 விதி பெருங்குற்றங்களுக்குத்தான், அவதூறு அதில் வராது.

எழுதியவர் பொள்ளாச்சிக்காரர் என்று தெரியவந்தால் இன்னொரு படி உண்டு: தன் அதிகார எல்லைக்கு வெளியே வசிப்பவருக்குச் சம்மன் அனுப்புமுன் மஜிஸ்திரேட் விசாரித்தாக வேண்டும். சிவிலில் நஷ்டஈடு கேட்க ஓராண்டுதான் கெடு. அப்புறம், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. லிங்க், தேதி, பார்த்த போன் மூன்றையும் பத்திரமாக வையுங்கள்; மின்னணு ஆதாரத்தைக் கோர்ட் ஏற்க, புதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழுக்கு அவை தேவைப்படும்.