பெரிய கோயில் நிழலைக் குச்சி வைத்து அளப்பது எப்படி?

தஞ்சைப் பெரிய கோயில் பற்றிய வீடியோ என்றால் "கோபுரத்தின் நிழல் தரையில் விழாது" என்ற வரி பெரும்பாலும் வந்துவிடும். உடுக்கைச் சத்தம், ட்ரோன் காட்சி, விஞ்ஞானிகளே வியந்தார்கள் என்று ஒரு தலைப்பு. வரலாறு, அறிவியல் வீடியோக்களின் எழுத்துப்படியைச் சரிபார்க்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. சோதிக்க ஒரு மீட்டர் குச்சியும் கைக்கடிகாரமும் போதும்.

முதல் வேலை, ஒலியை அணைத்துவிட்டுத் தரையைப் பார்ப்பது. வெயிலில் எடுத்த காலை, மாலைக் காட்சி ஒன்று இருந்தாலே போதும். விமானத்தின் நிழல் திருச்சுற்றில், அதாவது கோயிலைச் சுற்றிய முற்றத்தில், நீளமாகக் கிடக்கும். குரல் ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு அடையாளமும் உண்டு. கருவறைக்கு மேல் எழுவது விமானம், வாசல் மேல் நிற்பது கோபுரம். பெரிய கோயிலைப் பற்றிப் பேசும் எழுத்துப்படி இந்த இரண்டையும் குழப்பினால் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

இனிக் கணக்கு. விமானத்தின் உயரம் சுமார் 60 மீட்டர். 216 அடி, அதாவது 66 மீட்டர் என்ற அளவும் புழக்கத்தில் இருக்கிறது. எதை எடுத்தாலும் முடிவு பெரிதாக மாறாது. அடிப்பாகம் சதுரம், ஒரு பக்கம் ஏறக்குறைய 30 மீட்டர். உச்சி சரியாக நடுவில் இருப்பதால், அதன் நிழல் 15 மீட்டருக்கு மேல் நீண்டால்தான் அடிப்பாகத்தைத் தாண்டித் தரைக்கு வரும்.

தஞ்சாவூர் வடக்கு அட்சரேகை 10.8 பாகையில் இருக்கிறது. மார்ச் 21 நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து அதே 10.8 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது 60 மீட்டர் உயரத்துக்கு நிழல் சுமார் 11.5 மீட்டர். ஜூன் 21 நண்பகலில் சூரியன் வடக்கே போயிருக்கும். நிழல் தெற்கே 13.5 மீட்டர். இரண்டுமே 15-க்குள் அடங்குகின்றன. ஆகவே மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிவரை, நண்பகல் வேளையில் மட்டும், உச்சியின் நிழல் கோயிலின் மேலேயே விழுந்துவிடும். வெயில் காலத்தில், உச்சி வேளையில் வந்து பார்த்த யாரோ சொன்னது உண்மைதான். வேளையையும் மாதத்தையும் உதிர்த்துவிட்டு மிச்சத்தை மட்டும் நாம் சுமந்து வந்திருக்கிறோம் என்றே தோன்றுகிறது.

டிசம்பர் 21 அன்று போய்ப் பாருங்கள். நண்பகலிலேயே உச்சியின் நிழல் நடுவிலிருந்து 41 மீட்டர் வடக்கே நீளும். சுவரைத் தாண்டி 25 மீட்டருக்கு மேல், சண்டிகேசுவரர் சன்னதி இருக்கும் பக்கமாக.

நிழல் உண்மையிலேயே மறைகிற நாளும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24 ஆகிய தேதிகளை ஒட்டி, சூரியன் தஞ்சாவூருக்கு நேர் மேலே வருகிறது. அந்த ஒரு நிமிடத்தில் விமானத்துக்கும் நிழல் இல்லை, தெரு விளக்குக் கம்பத்துக்கும் இல்லை, தரையில் வைத்த டம்ளருக்கும் இல்லை. அதே ஏப்ரல் 18 காலை ஒன்பதேகாலுக்குப் போனால், விமானத்தின் நிழல் மேற்கே ஏறக்குறைய அதன் உயரத்துக்கே நீண்டிருக்கும்.

மாணவர்களோடு இதைச் செய்வதானால் பள்ளி மைதானமே போதும். மட்டமான தரையில் 1 மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். 11.40 முதல் 12.50 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் முனையைச் சாக்பீஸால் குறியுங்கள். மிகக் குறுகிய நிழல் விழும் நேரமே அந்த ஊரின் நண்பகல். அந்தக் கோடுதான் உண்மையான வடக்கு தெற்கு. தஞ்சாவூரில் டிசம்பர் 21 அன்று 68 செ.மீ., மார்ச் 21 அன்று 19 செ.மீ. வர வேண்டும். 60-ஆல் பெருக்கினால் விமானத்தின் கணக்கு கையில் கிடைக்கும். சூரியனை நேராகப் பார்க்க விடாதீர்கள். வேலை முழுக்கத் தரையில்தான்.

பிசகுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். குச்சி ஒரு பாகை சாய்ந்தாலே நிழலில் ஏறத்தாழ 2 செ.மீ. பிழை வரும். அதைவிடப் பெரிய பிழை, கடிகாரத்தில் 12 மணி அடித்ததும் அளந்துவிடுவது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கானது, தஞ்சாவூர் 79.1-இல் இருப்பதால் நண்பகல் சராசரியாகப் பதின்மூன்று நிமிடம் பிந்தும். அதுவும் மாதத்துக்கு மாதம் மாறும்: நவம்பர் தொடக்கத்தில் 11.57, பிப்ரவரி நடுவில் 12.27-ஐ ஒட்டி.

"கல்வெட்டே சொல்கிறது" என்று வீடியோ முடித்தால், எந்தக் கல்வெட்டு என்று கேளுங்கள். பெரிய கோயில் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஷ் படித்து, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' (South Indian Inscriptions) என்ற நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்திருக்கிறார். ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்த செய்தி அதில் எடையோடு இருக்கிறது. தான் கொடுத்ததையும், அக்கன் (தமக்கை) கொடுத்ததையும், பெண்டுகள் (அரசிகள்) கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்தே கல்லில் வெட்டச் சொன்ன ஆணையும் இருக்கிறது. இத்தனை கணக்காக எழுதி வைத்தவர்களை விட்டுவிட்டு நிழல் மாயம் காட்டுவது, பந்தியில் விருந்தை ஒதுக்கிவிட்டு இலையை மெச்சுவது போல.

வீடியோ எடுப்பவர்கள் அந்த நிழல் வரியை முழுதாக நீக்கிவிட வேண்டியதில்லை. "மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிவரை, நண்பகலில், உச்சியின் நிழல் அடிப்பாகத்துக்குள்ளேயே அடங்கிவிடும்" என்று மாற்றி, கீழே குச்சிக் கணக்கின் படம் ஒன்றைப் போடலாம். வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊரிலேயே நிழல் மறைவதைப் படம் பிடிக்கலாம்: சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18; கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கில். ஒரு நாள் முன்பின் ஆனாலும் டம்ளர் நிழலில் வித்தியாசம் தெரியாது.